சாயம் சிவந்ததெல்லாம் சொத்தை ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், எங்கள் சிம்பாங் ரெங்கம் வட்டாரத்துத் தாய்மார்களின் கைப்பேசிகளில் சில மாதங்களாக ஒரு காணொளி வலம் வந்துகொண்டிருக்கிறது. குடைந்து வைத்த ஒரு கடைவாய்ப் பல்லின் குழியில் ஒரு துளி சிவப்புச் சாயத்தை விடுகிறார்கள். சற்று நேரத்தில் நீர் பீய்ச்சிக் கழுவுகிறார்கள். குழியின் அடியில் ஓரிடம் மட்டும் சிவந்து நிற்கிறது. கண்ணுக்குத் தப்பிய சொத்தையைச் சாயம் காட்டிக்கொடுத்துவிட்டதாக ஒரு குரல் சொல்கிறது. இந்தச் சோதனை இல்லாமல் யாரும் பல்லை அடைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் எச்சரிக்கிறது. அதைப் பார்த்த பெற்றோர், பள்ளிக்கு வரும் பல் சிகிச்சையாளர்களிடமும் அரசாங்கப் பல் கிளினிக்கிலும் "ஏன் சாயம் போட்டுப் பார்க்கவில்லை?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கேட்பது அவர்கள் உரிமை. பிள்ளையின் வாயில் நடப்பதைத் தெரிந்துகொள்ள விரும்பும் பெற்றோரை நான் என்றும் மதித்திருக்கிறேன். ஆனால், சாயம் போடாதவர்களிடம் பல்லை அடைக்க விடமாட்டோம் என்று, பள்ளி கொடுத்தனுப்பிய ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடாமலேயே திருப்பி அனுப்பிய இரண்டு குடும்பங்களையும் நான் அறிவேன். அந்தப் பிள்ளைகளின் பற்களில் சொத்தை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இக்கடிதத்தை எழுத என்னைத் தூண்டியது அதுதான்.

நான் ஓய்வுபெற்ற பள்ளிப் பல் தாதி. தோட்டத்து மக்கள் எங்களைப் 'பல்லு மிஸ்ஸி' என்பார்கள். 1949ஆம் ஆண்டு பினாங்கில் தொடங்கப்பட்ட பயிற்சிப் பள்ளியிலிருந்து நாடெங்கும் அனுப்பப்பட்ட தாதியர் வரிசையில் நானும் ஒருத்தி. இப்போது எங்கள் தொழிலின் பெயர் பல் சிகிச்சையாளர் என்று மாறிவிட்டது. மடக்கு நாற்காலியையும் கருவிப் பெட்டிகளையும் வேனில் ஏற்றிக்கொண்டு, செம்பனைக் காடுகளுக்கு நடுவே இருந்த தமிழ்ப்பள்ளிகளுக்குப் போய், வகுப்பறையின் ஒரு மூலையைச் சிகிச்சை அறையாக்கி வேலை செய்தவள். அந்தச் சாயத்தைப் பயன்படுத்தியும் இருக்கிறேன், பயன்படுத்தாமலும் இருக்கிறேன். ஆகவே அதன் நன்மையையும் எல்லையையும் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டென்று கருதுகிறேன்.

இந்தச் சாயம் ஏமாற்று வேலையாகப் பிறந்ததன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தோக்கியோவில் பல் மருத்துவப் பேராசிரியராக இருந்த தக்காவோ ஃபுசயாமா என்பவர் 1970களின் தொடக்கத்தில் இதை வகுத்தார். புரோப்பிலீன் கிளைக்கால் என்னும் திரவத்தில் 0.5 விழுக்காடு பேசிக் ஃபுக்சின் என்ற சாயத்தைக் கரைத்து, அதைக் குழியில் 10 விநாடி வைத்துக் கழுவுவது அவருடைய முறை. பேசிக் ஃபுக்சின் புற்றுநோயைத் தூண்டக்கூடும் என்ற ஐயம் எழுந்ததால், பிற்பாடு அதற்குப் பதிலாக 1 விழுக்காடு ஆசிட் ரெட் என்னும் சாயம் வந்தது. இன்றும் கிளினிக்குகளில் சிறு குப்பிகளில் வருவது பெரும்பாலும் அந்த வகைதான்.

ஃபுசயாமாவின் நோக்கம் என்னவென்று புரிந்துகொள்ள, பல்லுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும். பல்லின் மேலோடாகிய எனாமலில் எடையளவில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுப்பொருள்தான். அதற்கு உள்ளே இருக்கும் டென்டினில் தாது ஏறத்தாழ 70 விழுக்காடே. எஞ்சியது கொலாஜன் என்னும் நார்ப்புரதமும் நீரும். அதற்கும் உள்ளே, நாம் வழக்கில் 'நரம்பு' என்று சொல்கிற பற்கூழ் இருக்கிறது. சீனியைத் தின்னும் கிருமிகள் விடும் அமிலம் முதலில் தாதுவைக் கரைக்கிறது. நார்ச்சட்டம் சிதைவது அதற்குப் பிறகுதான். அதனால் சொத்தை பிடித்த டென்டினில் இரண்டு அடுக்குகள் உண்டாகின்றன. வெளியடுக்கில் தாதுவும் போய், நாரும் குலைந்து, கிருமிகள் நிறைந்திருக்கும். அது இனி மீளாது. உள்ளடுக்கில் தாது குறைந்திருந்தாலும் நார்ச்சட்டம் கலையாமல் நிற்கும். அதன் அடியில் உயிருள்ள பற்கூழ் இருக்குமாயின், மேலே காற்றும் எச்சிலும் புகாமல் அடைத்துவிட்டால், அந்த அடுக்கில் தாது மீண்டும் படிந்து அது இறுகும்.

நார் குலைந்த வெளியடுக்கை மட்டும் சாயம் பற்றும், உள்ளடுக்கை விட்டுவிடும் என்று ஃபுசயாமா கண்டார். சிவந்ததை மட்டும் எடுங்கள், சிவக்காததை, மென்மையாக இருந்தாலும், பல்லுக்கே விட்டுவிடுங்கள் என்பதே அவர் தந்த நெறி. குறைவாகக் குடைய வேண்டும் என்பதற்காகத்தான் அவர் இதைக் கொண்டுவந்தார். இன்று அதே சாயம் கூடுதலாகக் குடைவதற்குக் காரணமாகி நிற்பதைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வலிக்கிறது.

அது எப்படி இவ்வாறு ஆயிற்று? அடுத்த இருபது ஆண்டுகளில் பல நாட்டு ஆய்வாளர்கள் இச்சாயத்தைச் சோதித்துப் பார்த்தபோது, அது கிருமியைப் பற்றவில்லை, தாது குறைவாக உள்ள இடத்தையே பற்றுகிறது என்று தெரிந்தது. சொத்தையே இல்லாத பல்லிலும் தாது குறைந்த இடங்கள் இயற்கையாகவே இரண்டு உண்டு: எனாமலும் டென்டினும் சேரும் எல்லை ஒன்று, பற்கூழைச் சுற்றியுள்ள டென்டின் மற்றொன்று. நலமான பல்லை வெட்டி அந்த இடங்களில் சாயத்தை விட்டாலும் சிவக்கும். 1993ஆம் ஆண்டு லண்டனைச் சேர்ந்த எட்வினா கிட் என்ற பேராசிரியரின் குழு, கருவியால் தொட்டுக் கடினமானது என்று உறுதிசெய்யப்பட்ட குழிகளில் சாயம் விட்டு, சிவந்த இடத்திலிருந்தும் சிவக்காத இடத்திலிருந்தும் மாதிரி எடுத்துக் கிருமிகளை எண்ணியது. இரண்டுக்கும் வேறுபாடு தென்படவில்லை. இதற்கு மறுபுறமும் உண்டு: சாயம் ஏறாத இடத்தில் கிருமியே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆக, சிவப்பைக் கண்டு அஞ்சுவதும் சிவப்பில்லை என்று நிம்மதியடைவதும் ஒன்றுபோலவே தவறு.

பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டும் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதை எளிதாக விளங்கவைக்கலாம். என் அப்பா நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். பட்டையில் கத்தியை இறக்கும்போது, பால் நன்றாக வடியும் ஆழத்துக்குப் போகவும் வேண்டும், உள்ளே இருக்கும் கட்டையைத் தொடவும் கூடாது. நடுவில் விடவேண்டிய பட்டை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். கட்டையில் காயம் பட்டால் அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மறுபடி அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. விடியுமுன் நெற்றி விளக்கின் வெளிச்சத்தில் பட்டையின் நிறத்தைப் பார்த்தா அவர் ஆழத்தை அறிந்தார்? கத்தி ஓடும் விதத்தைக் கொண்டு அவருடைய மணிக்கட்டு அறிந்துகொண்டது. சொத்தையைச் சுரண்டும் கையும் அப்படிப்பட்டதே. கரண்டிபோன்ற அந்தச் சிறு கருவியை வைத்து இழுத்தால், அழுகிய டென்டின் ஊறிப்போன ரொட்டியைப்போல் எளிதாக வந்துவிடும். அதன் கீழே இருப்பது ஈரத் தோலைப்போன்றது; அழுத்தினால் அமுங்காது, இழுத்தால் மெல்லிய சீவலாக உரிந்து வரும். அதற்கும் கீழே கருவி நகர மறுக்கும். இறுதியில் சிரட்டையைச் சுரண்டுவதுபோல் ஒரு கிறீச்சொலி கேட்கும். பயிற்சி பெற்ற கை இந்த நான்கையும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்தறியும். நிறத்தால் இதை அறிய முடியாது. பல ஆண்டுகளுக்கு முன்பே ஓய்ந்துபோன சொத்தை கரிய நிறத்தில், கல்லைப்போல் கடினமாக இருக்கும். அதைத் தொடவே தேவையில்லை. வேகமாகப் பரவும் சொத்தையோ வெளிர் மஞ்சளாக, பார்வைக்குச் சாதுவாக இருக்கும்.

சென்ற ஆண்டு, என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒரு தாய் தன் எட்டு வயது மகளை என்னிடம் அழைத்து வந்தார். வலது கீழ்க் கடைவாய்ப் பல்லின் ஈறில் வீக்கம். ஆறு வயதில் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பல் அது. பால்பற்களுக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலேயே முளைப்பதால், அதையும் விழப்போகும் பால்பல் என்றே நம்மில் பலர் நினைத்துவிடுகிறோம். வேறோர் ஊரில் உள்ள ஒரு கிளினிக்கில் அதற்குச் சாயம் போட்டிருக்கிறார்கள். கண்ணாடியில் தாய்க்குக் காட்டியிருக்கிறார்கள். "செவப்பு போற வரைக்கும் கொடஞ்சாங்க, மிஸ்ஸி. போகவே இல்ல. அப்புறம் ரத்தம் வந்துருச்சு" என்றார் அவர். அந்த அறையில் நான் இருக்கவில்லை. அங்கே கருவி என்ன உணர்த்தியது என்று எனக்குத் தெரியாது. ஆகவே சிகிச்சையளித்தவரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். ஆனால் எட்டு வயதுப் பல்லில் பற்கூழ் மிகப் பெரியது, டென்டினின் சுவரோ மெல்லியது, வேரின் நுனி இன்னும் மூடியிருக்காது என்பதை நான் அறிவேன். அந்த வயதில் குழியின் அடியில் சாயத்தை விட்டால், பற்கூழை ஒட்டியுள்ள நலமான டென்டினும் சிவக்கும். அச்சிவப்பைத் துரத்திக்கொண்டு போனால் போய்ச் சேரும் இடம் பற்கூழ்தான். நுனி மூடாத வேரில் செய்யும் வேர்ச் சிகிச்சை, வளர்ந்தவர்களுக்குச் செய்வதைவிடப் பன்மடங்கு கடினமானது. அந்தப் பெண் பிள்ளை அச்சிகிச்சைக்காகக் குளுவாங் நகரத்துக்குப் பலமுறை போய்வர வேண்டியதாயிற்று. ஒவ்வொரு முறையும் தாய் ஒரு நாள் கூலியை இழந்தார்.

பற்கூழுக்கு அருகில் வந்துவிட்ட ஆழமான சொத்தையில், அடியில் உள்ள மென்மையான டென்டினைக் கொஞ்சம் அப்படியே விட்டுவிட்டு, சுற்றுச்சுவரைக் கடினமான பகுதி வரை சுத்தம் செய்து, கசிவில்லாமல் அடைத்துவிடுவதே நல்லது என்பது இன்று உலக அளவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. பெல்ஜியத்தின் லூவன் நகரில் 2015இல் 12 நாடுகளைச் சேர்ந்த 21 வல்லுநர்கள் கூடி இதற்கான நெறிமுறைகளை வகுத்தார்கள். எங்கே நிறுத்துவது என்பதற்கு அவர்கள் முதன்மையான அளவுகோலாக ஏற்றது டென்டினின் கடினத்தன்மையைத்தான். 'சொத்தையை உள்ளே விட்டு அடைப்பதா? இது என்ன அரைகுறை வேலை!' என்று பெற்றோர் திடுக்கிடுவது எனக்குப் புரிகிறது; இளம் வயதில் எனக்குக் கற்பிக்கப்பட்டதும் கடைசித் துணுக்கு வரை எடுத்துவிடு என்பதுதான், அந்தப் பழக்கத்தை விட எனக்கும் பல ஆண்டுகள் பிடித்தன. ஆனால் உள்ளே சிக்கிய கிருமிக்கு மேலிருந்து சீனி வராவிட்டால் அது பெருக வழியில்லை. 1998இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், டென்டின் வரை இறங்கிய சொத்தையை எடுக்காமலேயே மேலே கசிவின்றி மூடி 10 ஆண்டுகள் கண்காணித்தார்கள். மூடி நன்றாக இருந்த பற்களில் சொத்தை முன்னேறவில்லை. நம் பிள்ளைகளுக்கும் சொத்தையை எடுக்காமலேயே மூடிவிடலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அடியில் விட்ட ஒரு மெல்லிய அடுக்கு பல்லைக் கெடுத்துவிடாது என்பதற்கு அது சான்று.

பல்லில் தாது மீண்டும் படிவதற்கு ஃபுளோரைடு என்னும் தாது உப்பு துணை செய்கிறது. இந்நாட்டில் குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கும் பணி 1957இல் முதன்முதலில் தொடங்கப்பட்டது எங்கள் சிம்பாங் ரெங்கத்தில்தான் என்பதை இங்குள்ள இளையோர் பலர் அறியார். 1972இல்தான் அது நாடு தழுவிய கொள்கையாயிற்று. இன்றைய அளவு 0.5 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு நீரில் அரைப் பங்கு. நான் பிறந்ததும் 1957இல்தான். ஆனால் நான் வளர்ந்த தோட்டத்துக்குத் தோட்டத்தின் சொந்த நீர்த்தொட்டிதான். ஊருக்கு வந்த நீர் எங்கள் வரிசை வீடுகளுக்கு வரவில்லை. என் வகுப்பில் கடைவாய்ப் பல் இழக்காத பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நாங்கள் பல்லைப் பிடுங்கிக்கொண்டது தோட்டத்து டிரஸரிடம், அதாவது மருந்தக உதவியாளரிடம். அந்த நிலையிலிருந்து நாம் எவ்வளவோ முன்னேறி வந்திருக்கிறோம் என்பதால்தான், தேவையில்லாத ஓர் அச்சத்தால் பிள்ளைகள் நாற்காலியில் உட்காராமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

சாயமே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. தொழில் பழகும் மாணவருக்கு அது நல்ல ஆசான். தம் கை எங்கே தவறவிட்டது என்பதை அது உடனே காட்டும். எனாமலின் விளிம்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் மிச்சத்தை, கண்ணாடியில் பார்த்தும் தெரியாத மூலையை, அது தேடிக் கொடுக்கும். மூலக்கூறு பெரிதான பாலிப்புரோப்பிலீன் கிளைக்காலில் கரைத்த சாயங்களையும் ஜப்பானியர் பின்னர் கொண்டுவந்தனர். அவை நலமான டென்டினுக்குள் எளிதில் ஊடுருவுவதில்லை. அனுபவமுள்ள ஒருவர் சாயத்தை விட்டு, சிவந்த இடத்தைக் கருவியால் தொட்டு, அது கடினமாக இருந்தால் சிவப்பை அப்படியே விட்டுவிட்டு அடைப்பாரானால், அவர் சாயத்தை முறையாகப் பயன்படுத்துகிறார். சிவப்பு மறையும் வரை நிறுத்தாதவரைப் பற்றித்தான் கவலை.

இன்னொரு குழப்பத்தையும் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது. பள்ளிகளில் பல் துலக்கும் பயிற்சியின்போது பிள்ளைகளுக்கு ஒரு சிவப்பு மாத்திரையை மென்று துப்பச் சொல்வதுண்டு. அதில் இருப்பது எரித்ரோசின் என்ற உணவுச் சாயம். அது பற்றிக்கொள்வது பல்லின் மேல் படிந்திருக்கும் அழுக்குப் படலத்தை மட்டுமே. தூரிகை எங்கே எட்டவில்லை என்று பிள்ளை தானே பார்த்துக்கொள்ள அது உதவுகிறது. நன்றாகத் துலக்கினால் சிவப்பு போய்விடும். அதற்கும் சொத்தைக் குழியில் விடும் சாயத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் மாத்திரை கொடுத்த ஒரு நாள் மாலை பிள்ளை சிவந்த நாக்கோடும் பற்களோடும் வீட்டுக்கு வந்து நின்றதும், காணொளியைப் பார்த்திருந்த ஒரு பாட்டி, பேரனின் பற்களெல்லாம் சொத்தையாகிவிட்டன என்று அழுதுவிட்டார். அவரைத் தேற்ற எனக்கு ஒரு முழு மாலை ஆயிற்று.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். "சாயம் போட்டீர்களா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "தொட்டுப் பார்க்கும்போது மென்மையாக இருக்கிறதா, கடினமாக இருக்கிறதா? நரம்புக்குக் கிட்டே வந்துவிட்டதா?" என்று கேளுங்கள். மலாயிலோ தமிழிலோ, உங்களுக்கு வரும் மொழியில் கேளுங்கள். நரம்புக்குக் கிட்டே என்றால், கொஞ்சம் விட்டு அடைக்க முடியுமா என்றும் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்கு நல்ல சிகிச்சையாளர் எவரும் முகம் சுளிக்க மாட்டார். ஒப்புதல் படிவத்தை மட்டும் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பாதீர்கள். ஆறு வயதுப் பல்லில் தொடங்கிய சிறு குழி, அடுத்த ஆண்டு பல் குழு பள்ளிக்கு வரும்வரை காத்திருப்பதில்லை.

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுக் கூட்டத்தில் ஒரு அரை மணி நேரத்தை ஒதுக்கி, வட்டாரப் பல் கிளினிக்கிலிருந்து ஒருவரை வரவழைத்துத் தமிழில் இதை விளக்கச் செய்யலாம். சிவப்பு மாத்திரை கொடுக்கும் நாளில் நான்கு வரித் தமிழ்க் குறிப்பொன்றைப் பிள்ளையின் பையில் வைத்தனுப்பும்படி பள்ளிகளையும் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் பல் நலம் பற்றிய பகுதி வரும்போது, சொத்தையை எங்கே நிறுத்தி அடைப்பது என்பதைப் பற்றிப் பல் மருத்துவர் ஒருவரைக் கொண்டு படங்களோடு விரிவாக எழுதச் செய்தால், காணொளியைப் பார்த்த அதே தாய்மார்கள் அதையும் படிப்பார்கள். அதற்கு என் அனுபவக் குறிப்புகள் பயன்படுமானால் எழுதித் தரக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளிப் பல் தாதி,
சிம்பாங் ரெங்கம், ஜொகூர்.